தலைகீழாக வந்த இரண்டாம் பாகம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்த என் மனைவி பாண்டிச்செல்வி, அவள் வயிற்றில் எட்டாம் மாதத்துப் பிள்ளை, கீழ்வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்த மார்கரெட் அம்மா, தொலைபேசியில், சிவகாசியிலிருந்து, என் கூட்டாளி காதர். ஊர், கனடாவில் வின்னிபெக். காலம், 2009 டிசம்பர். எங்களுக்குக் காலை, காதருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

மார்கரெட் அம்மா கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுர்' என்று ஒரு பொறி பறந்தது. அவர் சிரித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஊர்க் குளிர்காலத்தில் எதைத் தொட்டாலும் அப்படித்தான். கம்பளத்தில் நடந்துவிட்டுக் குழாயைத் தொட்டால் பொறி, ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி, ஆசையாக மனைவி கன்னத்தைத் தொட்டால் அங்கேயும் பொறி. இவர்களுக்கு அது விளையாட்டு. நான் நாரணாபுரத்துக்காரன். எங்கள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஒவ்வொரு தடவை அறைக்குள் நுழையும்போதும் வாசலில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போவாள். நைலான் சேலை கூடாது. ஒரு பொறி போதும். அந்தப் பயம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அதனால் இங்கே வேலை முடிந்து வந்தால், முதலில் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நடப்பேன். மார்கரெட் அம்மா அதைப் பல நாள் கவனித்துவிட்டு ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அது உங்கள் சாமியா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்தக் குழாய்ப் பக்கம் அவர் செருப்பைக் கழற்றி வைப்பதில்லை.

அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு மின்நூல் கருவி. திரையில் ஒரு தமிழ் நாவல். ஒரே திரையில் நான்கு பக்கங்கள் தெரிந்தன. கீழே இருந்த இரண்டும் நேராக நின்றன, மேலே இருந்த இரண்டும் தலைகீழாகத் தொங்கின. கீழே இடப்பக்கம் எட்டாம் பக்கம், வலப்பக்கம் ஒன்றாம் பக்கம்.

"வந்துருச்சாலே?" என்றான் காதர்.

"வந்துருச்சு. தலைகீழா வந்துருக்கு."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பேப்பர் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, மெதுவாக மெஷின் ஓட்டப் பழகி, கடைசியில் ஆஃப்செட் ஆபரேட்டர் என்று சொல்லிக்கொண்டு இங்கே ஒரு லேபிள் கம்பெனிக்கு வந்துவிட்டேன். காதர் விருதுநகர்க்காரன். அவன் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்காரச் சொன்னால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவன். என்னோடு அதே அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தான், இப்போது சொந்தமாகச் சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். பாண்டிச்செல்வி சூலக்கரைப் பக்கம். அவளுடைய அம்மா கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். கல்யாணம் வரைக்கும் இவள் வீட்டில் உட்கார்ந்து, அச்சடித்த தாள்களைப் புத்தகத்துக்காக மடித்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். நான் லட்சக்கணக்கில் பக்கங்கள் அச்சடித்தவன், ஒரு நாவலும் படித்ததில்லை. அவள் மடிக்கும்போதே படித்துவிடுவாள்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அப்போது பார்த்து இரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா விமானத்தில் ஏறக்கூடாது, வேலை செய்யக்கூடாது, இடப்பக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும், மனசு அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அழுத்தம் இன்னும் ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றிலிருந்து பாண்டிச்செல்வி பேச்சை நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் டாக்டரம்மா கையில் பட்டையைக் கட்டிக் காற்றடிக்கும்போது, அந்தப் பட்டை என் கழுத்தில் இறுகுவது போல இருக்கும்.

ஒருநாள் வாயைத் திறந்தாள். "எனக்கு ரெண்டாம் பாகம் வேணும்."

மாத நாவல். வடிவு என்கிற பெண் புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்கிறார். அவள் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கிறாள். அதோடு முதல் பாகம் முடிந்துவிட்டது. கனடாவுக்கு வரும்போது அந்த முதல் பாகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் பாகம் வெளிவரத் தாமதமாகி, அந்தத் தீபாவளிக்குத்தான் வந்திருந்தது.

"அவ எங்கன போனான்னு தெரியாம நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மாமியார் புத்தகத்தை வாங்கித் தபாலில் போட்டிருந்தார். அது எந்தக் கடலில் மிதந்ததோ தெரியாது. போதாததற்கு, போடுவதற்கு முன்னால் அவர் படித்தும் முடித்திருந்தார். ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் அவருக்கு வாய் நமநமத்தது.

"ஏட்டி, நான் வேணா முடிவைச் சொல்லிப்புடவா?"

"யம்மா, நீ வாயத் தொறந்த, நான் போன வச்சுருவேன்!"

"அவ ஒரு கூறுகெட்டவ, அத மட்டும் சொல்லிக்கிடுறேன்."

போன் வைக்கப்படும். எனக்கு அழுத்தம் ஏறும்.

அப்போதுதான் லேபிள் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர், புத்தகத்தை இப்போது கருவியில் படிக்கலாம், நொடியில் வந்துவிடும் என்றார். நொடியில் என்றால் நல்லதுதானே என்று இறங்கினேன். இரண்டு வாரம் தூக்கம் போயிற்று. மூன்று கடைக்காரர்கள், மூன்று கருவி. ஒருவர் இணையத்தில் மட்டும் விற்கிறவர். அவர் கருவியில் அவர் கடைப் புத்தகம்தான் திறக்கும், அந்தப் புத்தகமும் சிலது இந்த நாட்டு வங்கி அட்டைக்குக் கிடையாது என்று சொல்லிவிடும். இன்னொருவர் பெரிய புத்தகக் கடைக்காரர். அவரிடம் வாங்கிய புத்தகத்துக்குப் பூட்டு உண்டு, சாவி அவரிடமே இருக்கும். மூன்றாமவர் கருவி எல்லா வகை ஃபைலையும் ஏற்கும், ஆனால் விலை யானை விலை. எனக்குப் புரியவே இல்லை. எங்கள் ஊரில் எந்தக் கம்பெனி வெடியையும் எந்தக் கம்பெனித் தீப்பெட்டியாலும் பற்ற வைக்கலாம். இந்தச் சரம் எங்கள் குச்சிக்கு மட்டும்தான் வெடிக்கும் என்று ஒரு முதலாளி சொல்லியிருந்தால் சிவகாசியே கைகொட்டிச் சிரித்திருக்கும். படித்தவர்கள் செய்கிற வியாபாரம், அதனால் யாரும் சிரிக்கவில்லை போல.

கடையில் கருவியைப் பார்க்கப் போனேன். பையனைப் போலிருந்த விற்பனையாளர், "என்ன மாதிரிப் புத்தகங்கள் படிப்பீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார்.

"படிக்க மாட்டேன். அச்சடிப்பேன்."

நான் என் முக்கியமான சந்தேகத்தைக் கேட்டேன். மனைவி வயிற்றின் மேலேயே வைத்துப் படிப்பாள், உள்ளே பாட்டரி இருக்கிறது, இது வெடிக்குமா? வெடிக்காது என்றார். சூடானால்? வெடிக்காது. ஸ்வெட்டரிலிருந்து பொறி பட்டால்? அவர் முகம் மாறியது. நான் அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, "தப்பாக நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் அதுதான் தொழில்" என்றேன். மானேஜரைக் கூட்டிவந்துவிட்டார். பட்டாசு என்று கையை மேலே வீசிக் காட்டி, வாயால் 'டமார்' சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, வெளியே மைனஸ் இருபது. மானேஜர் நல்ல மனிதர். பிடிக்காவிட்டால் பதினான்கு நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். அதுவும் எனக்கு விநோதம். தீபாவளி முடிந்தபிறகு பாதி எரிந்த சங்கு சக்கரத்தைக் கொண்டுபோய், பிடிக்கவில்லை என்று கடையில் நீட்ட முடியுமா?

அந்தக் கருவியை வாங்கிவந்து, கடைசியில் திருப்பித்தான் கொடுத்தேன். எந்தக் கடையிலும் வடிவு இல்லை என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. தமிழே இல்லை. சரி, காதரைக் கேட்போம் என்று பார்த்தால், அந்த மாத நாவலை அச்சடிப்பதே அவன்தான்! இது ஒரு அதிர்ஷ்டம் என்று குதித்தேன். காதர் அந்த நாவலை எழுதியவரிடமே கேட்டுவிட்டான். பிள்ளைத்தாய்ச்சி படுக்கையில் கேட்கிறாள் என்றதும், அவளுக்கு மட்டும் அனுப்பு, வேறு யாருக்கும் போகக்கூடாது என்றாராம். காதர் எழுத்து ஃபைலை மெயிலில் அனுப்பினான். முதல் கருவியில் அது ஆங்கில எழுத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடுவது போல வந்தது. இணையத்தில் கிடைத்த வேறு ஒரு தமிழ்ப் பக்கத்தை ஈபப் என்கிற மின்நூல் வகையாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், உள்ளே ஒன்றுமில்லை. மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கி வைத்தது போல.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. ஈபப் என்பது தண்ணீர் மாதிரி. சின்னத் திரை, பெரிய திரை எதுவானாலும் அதற்குத் தகுந்தபடி வழிந்து நிற்கும். ஆனால் எழுத்துக்கு அந்தக் கருவியைத்தான் நம்பியிருக்கும், அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. பிடிஎஃப் பிடிவாதக்காரன். எந்த அளவில் செய்தார்களோ அதில்தான் நிற்பான், ஆனால் தன் எழுத்தைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வருவான். நாங்கள் விமானத்தில் இட்லி அரிசியும் உளுந்தும் கொண்டுவந்தது போல. எனக்கு அவன்தான் தோது என்று தெரிந்தது. முதல் கருவியைக் கொடுத்துவிட்டு, பிடிஎஃப் நன்றாகத் திறக்கிற, பெரிதாக்கிப் பார்க்க வசதியுள்ள அந்த யானை விலைக் கருவியை வாங்கினேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அச்சகத்தில் ஒரு வேலைக்கு ஐந்து ஃபைல் கிடக்கும். ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல், கருப்பசாமி ஃபைனல். முன்பு ஒருமுறை தப்பான ஃபைனலை எடுத்து, செவ்வாய்க்கிழமையே இல்லாத ஒரு மாதத்தோடு காலண்டர் அச்சாகிவிட்டது. அதிலிருந்து எனக்கு எந்த ஃபைனல் மேலும் நம்பிக்கை கிடையாது. மெஷினில் ஏற்றும் பிளேட்டுக்குப் போன ஃபைல் ஒன்றுதான் சத்தியம். அதனால் காதரிடம் மூன்று தடவை அழுத்திச் சொன்னேன்: "பிளேட்டுக்குப் போனதை அனுப்பு. அதைத் தவிர எதையும் தொடாதே."

அவனும் அதையே அனுப்பினான்.

அச்சுத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை. காதரின் சின்ன மெஷினில், ஒரு பெரிய தாளின் முன்புறம் நான்கு பக்கம், பின்புறம் நான்கு பக்கம். தாளை மடித்து வெட்டினால் எட்டும் வரிசைக்கு வரும். மடித்தால் நேராக வரவேண்டுமானால், விரித்த தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாகத்தான் நிற்க வேண்டும். அந்தத் தாளுக்கு ஃபாரம் என்று பெயர். கனடாவில் ஒரு கண்ணாடித் திரைக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். மடிக்க முடியாத ஃபாரம்.

"நீதானலே பிளேட்டு ஃபைலு, பிளேட்டு ஃபைலுன்னு அடிச்சுக்கிட்ட?" என்றான் காதர்.

"மாப்ளே, பக்கம் பக்கமா அனுப்பேன்."

"அது பழைய கம்ப்யூட்டரோட போயிருச்சு. திரும்பப் பிரிச்சுத்தான் போடணும். இப்பக் காலண்டர் சீசன். பொங்கல் வரைக்கும் நான் மனுசனே இல்ல. அம்புட்டு ஆர்டர் நிக்கி."

பொங்கலுக்குள் பிள்ளையே பிறந்துவிடும். நான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாண்டிச்செல்வி தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"அட, ஃபாரம்!"

அடுத்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததால், அது என்ன சத்தம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வலியோ என்று பயந்து எழுந்தேன்.

"குடுங்க இங்கன. ஒண்ணு இந்தா இருக்கு. ரெண்டு இதுக்கு முதுகுல." அடுத்த திரைக்குப் போனாள். "இந்தா. மூணு, ரெண்டுக்குத் தலைமாட்டுல." கருவியைத் தலைகீழாகத் திருப்பினாள். "நாலு மறுபடி முன்னாடி." பழைய திரைக்கு வந்தாள். கண் யோசிக்கவில்லை, விரல்தான் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருசம் மடித்த விரல்.

"காதரண்ணே, கேக்குதா? அனுப்புனீகளே, போதும். நீங்க காலண்டரப் பாருங்க."

மார்கரெட் அம்மாவுக்குப் பாவம் ஒன்றும் விளங்கவில்லை. புதுக் கருவியை ஒரு பிள்ளைத்தாய்ச்சி கார் ஸ்டியரிங் மாதிரித் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். அவர் என் கையைப் பிடித்து, "இது பழுது. உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நான் கடைக்கு வருகிறேன், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கருவிக்குக் கையை நீட்டினார். பாண்டிச்செல்வி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னவாம் இந்தம்மாவுக்கு?"

"கடையில திருப்பிக் குடுக்கணுமாம்."

"கைய வைக்கச் சொல்லுங்க பாப்போம்!"

அன்றிலிருந்து வீட்டுக்குள் காற்றோட்டம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஃபாரம் என்று அவளே கணக்கு வைத்துக்கொண்டாள், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம். திரை மாறும்போதெல்லாம் அது ஒருமுறை கறுத்து வெளுக்கும். அந்த நேரம் பிள்ளை உதைக்கிறது என்றாள். வெளிச்சம் உள்ளே தெரியுமா, கண்ணுக்குக் கெடுதலா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பட்டையில் காற்றை இறக்கிவிட்டு, அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறதே, என்ன செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். தலைகீழாகப் படிக்கிறாள் என்றேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் படுத்துப் படித்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மாமியார்தான் பாவம், போனில் தவித்தார். "வடிவு மாமியா வந்துட்டாளா?" "வந்துட்டா." "கம்மல் விசயம்?" "யம்மா!" "சரிட்டி, சரிட்டி." முன்பெல்லாம் அழுகையில் முடிகிற போன் இப்போது சண்டையில் முடிந்தது. எவ்வளவு நிம்மதி.

கடைசி ஃபாரத்தை ஒரு மத்தியானம் திறந்தாள். கீழ்ப் பாதியில் கதை. மேல் பாதியில் தலைகீழாக ஏதோ பட்டியல். பெரிதாக்கிப் பார்த்தால், கம்பி மத்தாப்பு, தரைச் சக்கரம், புஸ்வாணம், லட்சுமி வெடி, எதிரே விலை. காதரைக் கேட்டதற்கு, "கடைசி நாலு பக்கம் தனியா நின்னுச்சு. பேப்பர வீணாக்குவாகளா? ஒரு வெடிக்கடை விலைப்பட்டியலும் அதே நேரம் வந்துச்சு, சேத்து ஓட்டிட்டோம். வெட்டுனா தனித்தனியாப் போயிரும்ல?" என்றான். திரையை யார் வெட்டுவது?

அவள் முதல் இரண்டு பக்கத்தை முடிக்கவும் இடுப்பு வலி பிடிக்கவும் சரியாக இருந்தது. கார் சாவியைத் தேடினேன், அது கையிலேயே இருந்தது. இந்த ஊரில் அந்தக் குளிருக்குக் காரை உடனே எடுக்க முடியாது. பத்து நிமிசமாவது ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். கீழே ஓடி அதைக் கிளப்பிவிட்டு மேலே வந்தால், மார்கரெட் அம்மா அவளுக்குக் கோட்டு மாட்டி, காலணி போட்டு, வாசலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். இவள் அந்தக் கோட்டுக்குள்ளிருந்து கருவியை நீட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"போலாம், வா!"

"கார் சூடாயிருச்சா?"

"இன்னும் அஞ்சு நிமிசம்."

"அப்பப் பேசாம இருங்க. ரெண்டு பக்கந்தான்."

நான் வெந்நீர்க் குழாயைத் தொட்டேன். மார்கரெட் அம்மாவும் வந்து என்னோடு சேர்ந்து தொட்டார். ஒரு வலி வந்து போனது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வரியில் விரலை வைத்துக் காத்திருந்தாள், பிறகு அதே வரியிலிருந்து தொடர்ந்தாள். கடைசியில் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முடிந்தது என்று நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். அவள் கருவியை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள்.

"இருங்க. கம்பி மத்தாப்பு இந்த வருசம் என்ன வெலைன்னு பாத்துக்கிடுறேன்."

காரில் போகும்போது, அவளுடைய மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தா?"

"கடேசி ஊருக்குத்தான் எடுத்தா. நடுவுல இறங்கிட்டா" என்றாள். நீங்களே படிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு என் கையை நசுக்கினாள்.

பெண் பிள்ளை. இரண்டு பேரும் நலம். என் சத்தத்தில் போன் வழியே சூலக்கரை இட்லிக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் செய்தி தெரிந்துவிட்டது.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது கருவி நாற்காலியிலேயே கிடந்தது. பாட்டரி சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் படம் போகவில்லை. இந்தத் திரைக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டுமாம், வைத்திருக்க வேண்டாமாம். கடைசியாக அவள் பார்த்தது அப்படியே நின்றுகொண்டிருந்தது, ஒரு பாதியில் வடிவு, மறு பாதியில் வெடிக்கடை. எனக்குச் சார்ஜ் போட மனசு வரவில்லை. பெரிதாக்கியதை அவள் கடைசியில் பழையபடி சின்னதாக்கிவிட்டதால் எழுத்து பொடிசாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்க்கலாம். அலமாரியில் சாய்த்து நிறுத்தி வைத்தோம்.

மார்கரெட் அம்மா தினம் பிள்ளையைத் தூக்க வருகிறார். வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்து, தலைகீழாக வைத்திருக்கிறீர்களே என்று கருவியை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு அதில் படிக்க முடிந்தது விலைப்பட்டியலின் எண்கள் மட்டும்தான். அவை நேராக நின்றால்தான் அவருக்கு நேர். அவர் போனதும் பாண்டிச்செல்வி எழுந்து, வடிவு நேராக நிற்கும்படி திருப்பி வைக்கிறாள். மறுநாள் காலையில் அவர் மறுபடி வருகிறார்.